நாற்பத்தொரு நாளுக்கு விளக்கம்

விசா அலுவலகக் கடிதத்தில் இரண்டே குறைகள்தான் சொல்லியிருந்தார்கள். ஃபைல் சார் அதை நிதானமாகப் படித்தார். மஞ்சள் பேனாவால் இரண்டு இடத்தில் கோடு இழுத்து, மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஃபைல் சார் என்பது நாங்கள் வைத்த பெயர். வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர வேண்டியவர்களுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பது அவர் தொழில். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலிகள், சுவர் முழுக்க ஃபைல்கள். ஒவ்வொரு ஃபைலும் ஒரு கல்யாணம். தடிமனைப் பார்த்தே எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவார். எங்களுடையது நடுத்தரம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"முதல் விஷயம்," என்றார். "உங்க வீட்டுக்காரர் கம்பெனி இன்சூரன்ஸ்ல பிரசவச் செலவு வாங்கியிருக்கார். ஆனா படிவத்துல குழந்தைங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவது, போன வருஷம் நாப்பத்தொரு நாள் நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசிக்கல. அதனால இது உண்மையான கல்யாணம்தானான்னு அதிகாரிக்குச் சந்தேகமாம். முப்பது நாளுக்குள்ள விளக்கம் கொடுக்கணும். இல்லைன்னா நிராகரிச்சிடுவாங்க. ஒரு தடவை நிராகரிச்சிட்டா அப்புறம் நாம தலைகீழா நின்னாலும் கஷ்டம்."

பக்கத்தில் அத்தை, என் மாமியார், கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பிரசவம்னு போட்டிருக்கே, ஆஸ்பத்திரிக்காரங்க ஆளை மாத்திப் போட்டுட்டாங்களா?"

"இல்ல சார். பிரசவம்தான்."

"அப்ப குழந்தை?"

"ஒன்றரை நாள் இருந்துச்சு. பொண்ணு."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வேனே, அந்தக் குரலில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு என் குரலே அப்படித்தான் ஆகிவிட்டது. ஃபைல் சார் பேனாவை மூடி வைத்தார். எதிரில் இருந்த எங்கள் ஃபைலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை எதற்கு மடியில் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

அப்போது, ஏழு மாதத்துக்கு முன்னால், இதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். "குழந்தைங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "இல்லப்பா," என்றார். ஃபைல் சார் பூஜ்யம் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்தது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. யாரும் கூடி உட்கார்ந்து பேசிச் செய்ததல்ல. எனக்கு வலிக்கும் என்று அத்தை அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவருக்கு வலிக்கும் என்று நானும் எடுப்பதில்லை. மகனிடம் அவர் எடுப்பதில்லை, மகன் யாரிடமும் எடுப்பதில்லை. நான் வாயும் வயிறுமாக நின்ற போட்டோக்களை எல்லாம் அத்தை சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு அழிக்கச் சொன்னார். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். இப்படி ஆளுக்கு ஆள் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் ஓர் அரசாங்கத்துக்கே பொய் சொல்லிவிட்டோம். இன்சூரன்ஸ் தாளை அனுப்பியதும் நாங்கள்தான். அதில் மனைவி என்று என் பெயர் இருந்தது, நல்ல ஆதாரம் என்று ஃபைல் சார் குதித்தார். பதினோரு பக்கம். ஆறாம் பக்கத்தை எங்களில் யாரும் படிக்கவில்லை. அதிகாரி படித்திருக்கிறார்.

முதல் தடவை ஆதாரம் திரட்டியது ஒரு கூத்து. கல்யாண போட்டோ அறுபது கொண்டுபோனேன். "என்னம்மா, ரெண்டு பேரும் பேங்க் வரிசையில நிக்கற மாதிரி நிக்கறீங்க. ஒண்ணுலயாவது சிரிக்கலையா?" என்று அலசி அலசி ஒன்பதைப் பொறுக்கினார். எங்களைத் தெரிந்தவர் என்று பெரியப்பாவிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னார். பெரியப்பா மூன்று பக்கம் எழுதினார், அதில் இரண்டரைப் பக்கம் அவருடைய சர்வீஸைப் பற்றி. பிறகு எங்கள் சாட். "சாப்பிட்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." "தூங்கறேன்." "சரி." இருநூறு பக்கம் இதேதான். ஃபைல் சார் பிரிண்டருக்குத் தாள் போட்டுப் போட்டு ஓய்ந்துபோய், "இதைவிட உண்மையான கல்யாணம் இருக்கவே முடியாதும்மா," என்றார். நானும் அத்தையும்கூடச் சிரித்தோம்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் முக்கால்வாசி லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் குழிக்குள் இருப்பார், அங்கே சிக்னல் கிடைக்காது. பன்னிரண்டரைக்கு இடைவேளை. மேலேறி வந்து, கை கழுவி, பன்னிரண்டு நாற்பதுக்கு எனக்குப் போன் செய்வார். இங்கே அப்போது சாயங்காலம் ஆகியிருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தது மொத்தம் ஐந்து மாதம். மிச்சமெல்லாம் பன்னிரண்டு நாற்பதுதான். குழந்தை பிறந்தபோது அவருடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. வர முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை. இதை நான் எத்தனையோ தடவை எனக்கே சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் போக எனக்கு ஆசையா என்று நேராகக் கேட்டால், தெரியாது. ஒன்றே கால் வருஷமாக எனக்கு எதன்மேலும் ஆசை வந்தது என்று சொல்ல முடியாது. பசித்தால் சாப்பிடுகிறேன், மணி ஆனால் வேலைக்குப் போகிறேன். ஆனால் போகவில்லையென்றால் இந்தப் போனோடு கதை முடிந்தது என்பது தெரியும். அவரும் அங்கே கரைந்துபோவார், நானும் இங்கே கரைந்துபோவேன், ஒருநாள் போன் செய்ய மறப்போம், மறந்தது தெரியாது. பொய்க் கல்யாணம் என்று எவனோ எழுதியதைப் படித்தபோது சுள்ளென்று வந்தது. வெகுநாள் கழித்து எனக்குச் சுள்ளென்று வந்தது அது ஒன்றுதான்.

"பிறப்பு, இறப்பு ரெண்டு சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வாங்க," என்றார் ஃபைல் சார். "படிவத்தைப் புதுசா எழுதணும். எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது. நாப்பத்தொரு நாளுக்கு உங்க கைப்பட ஒரு விளக்கம். அந்த நாள்ல பேச முயற்சி பண்ணினதுக்கு ஏதாவது ஆதாரம் இருந்தா அதுவும்."

படி இறங்கும்போது அத்தை, "நான்தான் இல்லைன்னு சொன்னேன்," என்றார்.

"விடுங்க அத்தை. கையெழுத்து நான்தான் போட்டேன்."

நான் வேலை செய்வது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். ஊசி குத்துவது வேறு ஆள். வந்து சேரும் குழாய்களைச் சரிபார்த்து, எங்கள் லேபிளும் எழுதி ஒட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. லேபிளில் பெயர், வயது, தேதி மூன்றும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத குழாயை எடுக்க மாட்டோம். எவ்வளவு கெஞ்சினாலும் எடுக்க மாட்டோம், திரும்பக் குத்திக்கொண்டு வா என்போம். இதில் நான் கறார் பேர்வழி. லேபில் எனக்கு 'செக்போஸ்ட்' என்று பட்டப்பெயர்.

பதிவு அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த அம்மாவும் என்னைப் போலத்தான். தேதியைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"பிறப்பும் இருக்கு, இறப்பும் இருக்கு. பேர் காலியா இருக்கே."

"ஆமாங்க."

"அம்மா பேர் போட்டு, குழந்தைன்னு மட்டும் வந்திருக்கு. பேர் வைக்கலையா?"

"அதுக்கு நேரமே கிடைக்கல."

சொன்ன பிறகுதான் அவர் இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தார் போல. பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இப்படியே தரேன்மா. ஆனா பேர் இல்லாம வெளிநாட்டு ஆபீஸ்ல எடுப்பாங்களா தெரியாது. பேர் சேர்க்க இந்தத் தாளை நிரப்பி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அவர் அங்கிருந்து அனுப்பினாலும் போதும்," என்றார். நான் நன்றி சொன்னேன். அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டேன். அது பையில் ஒன்பது நாள் இருந்தது. டிபன் பாக்ஸை எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டது.

நாற்பத்தொரு நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் போனை அணைத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். கணவர்மேல் கோபமில்லை. அழுகையும் வரவில்லை. பேச ஒன்றுமில்லை, அவ்வளவுதான். "சாப்பிட்டியா" என்பார். சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் அத்தையின் போனில் அத்தையிடம் பேசிக்கொள்வார். அத்தை என்னிடம் நீட்டிப் பார்த்தார், பிறகு நீட்டுவதை விட்டார். நாற்பத்திரண்டாம் நாள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் போனை எடுத்தேன். திரை முழுக்க என்னென்னவோ வந்து குவிந்தது. எதையும் படிக்காமல் மொத்தமாக அழித்தேன். அன்றைக்கும் பன்னிரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது. எடுத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று நான் முதலில் கேட்டேன். "சாப்பிட்டேன்," என்றார். அத்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அல்லது ஆகிவிட்டதாக இருவரும் வைத்துக்கொண்டோம்.

என் போனில் இல்லாதது அவர் போனில் இருந்தது. ஆதாரம் வேண்டுமாம் என்று எழுதினேன். மறுநாளே அந்த நாட்களின் சாட்டை எடுத்து அனுப்பினார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. ஃபைல் சார் பிரிண்ட் எடுத்தார், ஐந்து பக்கம். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டே வரி. 12:40, பதிலளிக்கப்படாத அழைப்பு. 12:43, நீங்கள் இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள். அடுத்த நாள் அதே. அடுத்த நாள் அதே. ஒரு நாள் மட்டும் 3:15 என்று இருந்தது. அன்று எந்த லிஃப்ட் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டதோ.

ஃபைல் சார் விரலை வைத்து வைத்து எண்ணினார். "நாப்பத்தொண்ணு. ஒரு நாள் விடல மனுஷன்," என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அழைப்பு அருமையான ஆதாரம். ஆனா தினமும் ஏதோ எழுதி அழிச்சிருக்காரே, அது இடிக்குது. எதை மறைக்கறாங்கன்னு அதிகாரி கேப்பார். அவர் என்ன எழுதினார்னு கேட்டு, விளக்கத்துல ஒரு வரி சேத்துடுங்கம்மா."

எரிச்சலாக வந்தது. அழித்ததற்குக்கூடக் கணக்குக் கேட்கிறார்களே என்றிருந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது எரிச்சல் போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றது. இரண்டு வரிகளுக்கும் நடுவில் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷம் என்ன செய்தார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்து மேசையில் படிவத்தைப் பரப்பி உட்கார்ந்தேன். எதிரில் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அன்று லீவு, அறையில்தான் இருப்பார். நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன, நீயே பண்ற? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. அந்த நாப்பத்தொரு நாள்ல தினம் ஒண்ணு எழுதி அழிச்சிருக்கீங்க. அது என்னன்னு ஃபைல் சார் கேக்கறார்."

"ஃபைல் சார் கேக்கறாரா?"

"நானும்தான் கேக்கறேன்."

அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. அது நின்று, தண்ணீர் வடிந்து, திரும்பச் சுற்ற ஆரம்பித்தது.

"பேர்," என்றார்.

"என்ன பேர்?"

"பாப்பாவுக்கு. ஆஸ்பத்திரியில பேர் கேட்டாங்க, ஒண்ணும் சொல்லலைன்னு அம்மா சொன்னாங்க. நாமதானே வைக்கணும். உனக்குச் சரியான்னு கேக்கலாம்னு எழுதி அனுப்பிடுவேன். அனுப்பின உடனே பயம் வந்துடும். நீ என்னைக்காவது போனைத் திறந்தா, திறந்த உடனே இதையா பாக்கணும்னு. அழிச்சிடுவேன்."

"நாப்பத்தொரு பேரா?"

"இல்ல. ஒரே பேர்தான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு நாள் அந்தப் பெயரைத் தனியாக வைத்துக்கொண்டு, என்னிடம் சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே என்று.

"அதுக்கப்புறம் நான் தினமும் போனை எடுத்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அதைப் பத்திக் கேக்கல."

"நீங்களும்தான் கேக்கல."

"ஆமா," என்றார். "நானும் கேக்கல."

மெஷின் நின்றது. நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடிப்புப் பிரித்தேன். மேசையில் வைத்துக் கையால் தேய்த்தேன்.

"சொல்லுங்க. எழுதிக்கறேன்."

சொன்னார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாத பெயர். சின்னப் பெயர்தான். நாற்பத்தொரு தடவை எழுதியவர் அதை வாயால் சொல்வது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், பாதிதான் கேட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார், இந்தத் தடவை முழுசாக.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு."

துணி காயப் போடணும் என்றார். சரி என்று வைத்தேன்.

அத்தையின் கத்தி எப்போதோ நின்றிருந்தது. என்னைப் பார்க்காமல், பீன்ஸைப் பார்த்தபடி, "என்ன பேராம்?" என்றார். சொன்னேன். அவர் அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, உள்ளறையில் இருக்கும் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது போலச் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லா இருக்கு, கூப்பிட," என்றார். மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

விளக்கத்தை எழுதினேன். ஒரு பக்கமாவது வேண்டும் என்று ஃபைல் சார் சொல்லியிருந்தார். எனக்கு நான்கு வரிதான் வந்தது. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்றரை நாளில் இறந்தது. அதன் பிறகு நாற்பத்தொரு நாள் என் கணவர் தினமும் என்னை அழைத்தார். நான் எடுக்கவில்லை. தினமும் குழந்தையின் பெயரை எழுதி அனுப்பி, நான் பார்த்துவிடுவேனோ என்று அழித்தார். படித்துப் பார்த்தேன். சேர்க்கவும் ஒன்றுமில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு படிவம். விண்ணப்பதாரரின் குழந்தைகள் என்று ஒரு பக்கம். எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் பெயரை எழுதினேன். லேபில் எழுதுவது போலவே, ஓர் எழுத்தோடு இன்னோர் எழுத்து ஒட்டாமல். பிறந்த தேதி. தந்தை. தாய். என் கைக்கு லேபிள் எழுதிப் பழக்கம்.

அடுத்த கேள்வி: இந்தக் குழந்தை உங்களுடன் பயணம் செய்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

எல்லாருக்கும் கேட்கும் கேள்விதான். அச்சடித்த படிவம், அதற்கு என்ன தெரியும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று ஃபைல் சார் சொல்லியிருக்கிறார். பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அத்தை பீன்ஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். பிறகு, தாளில் ஈரம் படக்கூடாதே என்று படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.